பித்தளையின் பிடி

ரைஃபிள் தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டைப் பித்தளை உறையின் கழுத்துதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பசை கிடையாது, பற்றவைப்பு கிடையாது, மரை கிடையாது. கழுத்தின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று முதல் ஏழு பங்கு வரை சிறியதாக இருக்கும். அந்தப் பிடிக்கு ஆதாரம் அவ்வளவுதான். நம் ஊர்த் தச்சர்களும் கொத்தனார்களும் அரைக்கால் அங்குலத்தை ஒரு நூல் என்பார்கள். அந்த ஒரு நூலை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அந்த அளவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும் பேசப்போகிறது.

கோபிசெட்டிபாளையத்தில் இருந்துகொண்டு இதை எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இங்கிருந்து சத்தியமங்கலம், சிறுமுகை வழியாக மேட்டுப்பாளையம் போய் மலை ஏறினால், குன்னூரைத் தாண்டியதும் அருவங்காடு வரும். அங்கே 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலைக்குத் துப்பாக்கி மருந்தின் வரலாற்றில் தனி இடம் உள்ளது. இன்னொரு காரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் தண்ணீர் எட்டாத காடுகளில் கிணற்று மோட்டாரும் போர்வெல் மோட்டாரும்தான் வெள்ளாமையைக் காப்பாற்றுகின்றன. அந்த மோட்டார்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் தண்டின் மேல் பேரிங் ஏற்றும் வேலை அன்றாடம் நடக்கிறது. தண்டின் மேல் பேரிங் நிற்பதும் கழுத்துக்குள் குண்டு நிற்பதும் ஒரே இயற்பியல்.

தோட்டா என்று நாம் சொல்வது, காவல்துறை ரவை என்று எழுதுவது, நான்கு பொருள்கள் சேர்ந்தது: பித்தளை உறை, அதன் அடியில் அடிபட்டால் தீப்பொறி தரும் சிறிய கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு மருந்து எரிந்துபோகிறது, குண்டு பறந்துபோகிறது, கேப் செத்துப்போகிறது. உறை மட்டும் கையில் மிஞ்சுகிறது. நான்கில் விலை கூடியதும் செய்யக் கடினமானதும் அந்த உறைதான். ஆகவே அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் இலக்கு சுடும் விளையாட்டுக்காரர்கள் உறையை எறிவதில்லை. கைப்பிடியால் இயங்கும் சிறு பிரஸ்ஸில் டை எனப்படும் எஃகு அச்சைப் பொருத்தி, விரிந்துபோன உறையைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதுக் கேப் இட்டு, மருந்து நிரப்பி, வேறொரு டையால் புதுக் குண்டை உட்காரவைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவில் இதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாவது பிரிவில், தோட்டா தயாரிப்பதற்கு உரிமம் கட்டாயம் என்கிறது. மீறினால், 2019இல் வந்த திருத்தத்தின்படி, குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. வெடிமருந்துக்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் வேறு இருக்கிறது. அதனால் மருந்தின் அளவு, கலவை பற்றி இங்கே எதுவும் வராது. பித்தளையும் டையும் மட்டும் போதும். அறிவியலின் சுவை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் .22 ரைஃபிள் சுட்டிருப்பார்கள். சுட்டு முடித்ததும் காலி உறைகளை எண்ணி ஒப்படைத்ததும் நினைவிருக்கும். அந்த உறையை மறுபடி நிரப்ப நடைமுறையில் வழியில்லை. அதில் தனியாகக் கேப் கிடையாது. அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பற்றும் பொருள் பூசப்பட்டிருக்கும். சுத்தி அந்த மடிப்பை நசுக்கித்தான் பற்றவைக்கிறது. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியும் இதே .22 தோட்டாவில்தான் நடக்கிறது. கேப்பைக் கழற்றி மாட்டக்கூடிய பெரிய ரைஃபிள் தோட்டாக்களுக்குத்தான் டை வேலை.

சுடும்போது உறைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மருந்து ஒரே வேகத்தில் எரிவதில்லை. அழுத்தம் கூடக் கூட எரியும் வேகமும் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் இன்னும் ஏறும். குண்டு முன்னால் நகர்ந்து இடம் கொடுப்பதுதான் இந்த ஏற்றத்துக்குக் கடிவாளம். ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. .308 வகைத் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு 415 மெகாபாஸ்கல். காற்றழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்குக்கும் மேல். இந்த ஓட்டத்தின் முதல் அடியை எடுத்துவைப்பது குண்டு கழுத்தைவிட்டு நழுவும் தருணம். பிடி ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே மாதிரி இருந்தால் அழுத்தம் ஏறும் விதமும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் இறுக்கம், ஒன்றில் தளர்வு என்றால் குண்டின் வேகம் மாறும். தொலைவில் உள்ள இலக்கில் அது மேலும் கீழுமாகச் சிதறும்.

பிடி தளர்ந்தால் ஆபத்தும் உண்டு. துப்பாக்கிக்குள் தோட்டா ஏறும்போது முனை இடித்து, குண்டு உறைக்குள்ளேயே பின்னுக்குப் போய்விடலாம். உள்ளே இடம் சுருங்கிவிட்டால் அதே அளவு மருந்து முன்னைவிட அதிக அழுத்தத்தை எழுப்பும். உறை சிறியதாக இருக்கும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில், குண்டு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால்கூட அழுத்தம் கணிசமாக ஏறிவிடும்.

இவ்வளவு பொறுப்பையும் பித்தளையிடம் ஒப்படைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தோட்டாவுக்கான பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்த விகிதத்தில் அது கிழியாமல் நன்றாக நீளும். அழுத்தம் ஏறும்போது உறை விரிந்து துப்பாக்கியின் எஃகு அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் வாயு பின்பக்கம் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிப்பதில்லை. அழுத்தம் இறங்கியதும் உறை சற்றே சுருங்கிச் சுவரைவிட்டு விலக வேண்டும். விலகாவிட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எஃகின் விறைப்பு எண் சுமார் 200 கிகாபாஸ்கல், பித்தளையினுடையது சுமார் 110. விறைப்பு குறைந்த உலோகம், வலிமை சமமாக இருந்தால், விட்டதும் அதிகமாகத் திரும்பும். ஆக, எஃகைவிடப் பித்தளை ஏறக்குறைய இரண்டு மடங்கு மீள்கிறது. உறையை அறையிலிருந்து கழற்றித் தருவதும், கழுத்தில் குண்டைப் பிடித்துவைப்பதும் இந்த மீட்சிதான்.

இனி டையைப் பார்ப்போம். உறை பிறப்பதே டையில்தான். பித்தளைத் தகட்டிலிருந்து வட்ட வில்லையை வெட்டி, அதைக் கிண்ணமாக அழுத்தி, பிறகு ஒன்றைவிட ஒன்று சிறிய டைகள் வழியாகத் தள்ளித் தள்ளி நீண்ட குழாயாக இழுக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை கடினமாகிக்கொண்டே வரும். அதற்கு மேல் இழுத்தால் கிழியும் என்ற நிலை வந்ததும் சூடுகாட்டி மிருதுவாக்குவார்கள். தொழிற்சாலையில் அதற்கு அனீலிங் என்று பெயர். கொல்லுப்பட்டறை எஃகுக்கும் பித்தளைக்கும் இங்கே நேர் எதிர் குணம். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். பித்தளையை எப்படிக் குளிரவைத்தாலும் அது மிருதுவாகத்தான் இருக்கும். அடித்தோ இழுத்தோ நெருக்கியோதான் அதைக் கடினமாக்க முடியும். முடிந்த உறையின் அடிப்பகுதி கடினமாகவும் கழுத்து மிருதுவாகவும் இருக்க வேண்டும். இராணுவத் தோட்டாக்களில் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு நிறமாற்றம் தெரியும். கடைசியாகக் கழுத்துக்குச் சூடுகாட்டிய தடயம் அது. அழுக்கு என்று தேய்க்க வேண்டியதில்லை.

அருவங்காடு தொழிற்சாலை தன் பெயரில் தாங்கிய கார்டைட், இந்தக் கழுத்து வேலையின் வரிசையையே புரட்டிப்போட்டது. 1889இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டியூவர் இருவரும் உருவாக்கிய புகையில்லா மருந்து அது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கொஞ்சம் வாசலினும் கலந்த பசையை டைத் துளை வழியாகப் பிதுக்கி, நீளநீளமான கயிறுகளாக எடுப்பார்கள். கயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் பெயரும் வந்தது. முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அதன் சூடு துப்பாக்கிக் குழலை அரித்துத் தின்றதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை 30ஆகக் குறைத்தார்கள்.

இந்தியப் படைகள் இரண்டு உலகப் போர்களிலும் சுமந்த .303 ரைஃபிளுக்கு இந்தக் கயிற்று மருந்துதான். ஒரு கட்டுக் குச்சிகளாக வெட்டிய கார்டைட்டை அந்த உறையின் குறுகிய கழுத்து வழியாக நுழைக்க இயலாது. ஆகவே உறையை நேர்க்குழாயாகவே வைத்துக்கொண்டு, கார்டைட் கட்டை உள்ளே இறக்கி, அதன் மேல் அட்டை வில்லை ஒன்றை வைத்து, அதற்குப் பிறகுதான் டையால் நெருக்கித் தோளையும் கழுத்தையும் உருவாக்கினார்கள். மருந்து உள்ளே இருக்கும்போதே பித்தளையை டைக்குள் தள்ளும் வேலை! அந்தக் கழுத்துக்கு அதன்பின் சூடுகாட்ட வழியே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெருக்கலின் இறுக்கம் அப்படியே கழுத்தில் தங்கிவிடும். இதன் விளைவுக்குப் பின்னால் வருகிறேன். அருவங்காடு தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

மறுநிரப்பலில் டை செய்வது இதே நெருக்கலின் சிறிய வடிவம். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டால் பாதிப் புதிர்கள் அவிழ்ந்துவிடும். ஓர் உலோகத்தை எவ்வளவு நெருக்கினாலும், விட்டதும் அது திரும்பும் அளவு அதன் நெகிழ்வு வலிமையை விறைப்பு எண்ணால் வகுத்தால் கிடைக்கும். கழுத்துப் பித்தளையின் வலிமை 300 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 கிகாபாஸ்கலால் வகுத்தால் ஆயிரத்தில் 2.7 பங்கு. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கழுத்துக்கு அது 0.022 மில்லிமீட்டர். பல முறை சுட்டு, பல முறை நெருக்கி, அதே பித்தளை 450 மெகாபாஸ்கலுக்குக் கடினமாகிவிட்டால் மீட்சி 0.033 மில்லிமீட்டர். டை மாறவில்லை, பிரஸ் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. ஆனாலும் டையைவிட்டு வெளியே வரும் கழுத்தின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம் வந்துவிட்டது. பழைய உறையையும் புதிய உறையையும் கலந்து வைத்து, ஒரே டையில் ஒரே பிடி வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். கழுத்து எவ்வளவு சிறியதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். 0.03 மில்லிமீட்டர் வரை அது உண்மை. அதற்கு மேல் சிறியதாக்கினால், குண்டு உள்ளே போகும்போது கழுத்தை அதன் மீட்சி எல்லைக்கு வெளியே தள்ளி நிரந்தரமாக விரித்துவிடும். குண்டே விரிப்பான் வேலையைச் செய்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சும் பிடி, மீட்சி தரக்கூடிய அந்த 0.03தான். கூடுதலாக நெருக்கியதால் கிடைத்தது பிடி அல்ல. குண்டை இறக்க வேண்டிய விசை கூடியது, குண்டின் செம்புத் தோல் உரசிச் சிதைந்தது, கழுத்து கோணியது, பித்தளை சீக்கிரம் கடினமானது. பிடியைத் தருவது உலோகத்தின் மீட்சி. டை அந்த மீட்சிக்கு வாய்ப்பை ஏற்படுத்தித் தருகிறது, அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

டையைப் பிரஸ்ஸில் அமைக்கும்போது முதலில் வருவது மரைக் கணக்கு. இந்த டைகளின் உடல் உலகம் முழுவதும் பெரும்பாலும் ஒரே அளவு: எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு டை 1.81 மில்லிமீட்டர் இறங்கும். அரைக்கால் சுற்றுக்கு 0.23 மில்லிமீட்டர். நெருக்கும் டையால் உறையின் தோளைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய அளவு 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர்தான் என்றால், கையால் ‘கொஞ்சம்’ திருகுவது எவ்வளவு பெரிய செயல் என்று புரியும். லாக் நட்டை இறுக்கும்போதும் டை ஒரு பக்கமாகச் சாயலாம். அதனால் உறை டைக்குள் முழுதாக ஏறியிருக்கும்போதே லாக் நட்டை இறுக்குவார்கள். உறையே டையை நடுவில் நிறுத்திவைக்கும்.

இதில் பிரஸ்ஸும் சும்மா இருப்பதில்லை. காலியாக இருக்கும்போது, உறையைத் தாங்கி மேலே ஏறும் ரேமின் தலை டையின் அடியைச் சரியாகத் தொடும்படி அமைத்திருப்போம். உறையை வைத்து நெருக்கினால் அந்த எதிர்விசையில் பிரஸ்ஸின் சட்டகமே சிறிது விரிகிறது. ரேமுக்கும் டைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். தொட்ட பிறகும் டையை இன்னும் கொஞ்சம் திருகி இறக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். எவ்வளவு என்பது உறையின் கடினத்தையும் அதன் மேல் தடவிய எண்ணெயையும் பொறுத்தது. ஆகவே டையை அமைத்துவிட்டோம் என்று எழுந்துவிட முடியாது; உறையை வெளியே எடுத்து அளந்து பார்த்தால்தான் அமைத்ததாகப் பொருள்.

குண்டை உட்காரவைக்கும் டையில் இரண்டு வேலைகள் ஒரே குழாய்க்குள் இருக்கின்றன. நடுவில் ஒரு தண்டு குண்டைக் கீழே தள்ளுகிறது. டையின் உள்சுவரில் உள்ள ஒரு படி, வேண்டுமானால் உறையின் வாயைக் குண்டின் மேல் மடித்து இறுக்குகிறது. தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதால் வருகின்றன. டை அளவுக்கு மீறி இறங்கியிருந்தால், குண்டு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே அந்தப் படி உறையின் வாயைப் பிடித்துக்கொள்ளும். போக வழியில்லாத விசை உறையின் மிக மெல்லிய, மிக மிருதுவான இடத்தில் இறங்கும், அதாவது தோளில். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத புடைப்பு ஒன்று அங்கே உருவாகும். துப்பாக்கிக்குள் தோட்டா ஏற மறுக்கும்போதுதான் தெரியவரும். உறையின் வாயை டையின் படி தொடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து முக்கால் சுற்றோ ஒரு சுற்றோ டையை மேலே ஏற்றிப் பூட்டிவிட்டு, தண்டை மட்டும் திருகி ஆழத்தை அமைத்தால் இந்தத் தொல்லை தீரும். உறைகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். நீளமான உறை தனக்கான அமைப்பைத் தாண்டி அந்தப் படியில் போய் முட்டும்.

குண்டு உட்காரும் ஆழம் தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அளக்கும் முறையைத்தான். வெர்னியரில் தோட்டாவின் முழு நீளத்தை அளந்தால் குண்டின் முனையும் அதில் சேர்ந்துவிடும். முனைகள் ஒரே பெட்டியிலேயே ஒன்றுபோல இருப்பதில்லை. தள்ளும் தண்டு முனையைத் தொடக் கூடாது, குண்டின் வளைந்த பக்கவாட்டைத்தான் தொட வேண்டும். அளப்பதும் அந்த வளைவில் குறிப்பிட்ட விட்டமுள்ள இடத்திலிருந்துதான். தண்டின் குழி குண்டின் வளைவுக்குப் பொருந்தாவிட்டால், குண்டின் மேல் வளையல் போல ஒரு கோடு விழும். அந்தக் கோடு தென்பட்டால், தண்டு தவறான இடத்தில் தள்ளுகிறது அல்லது கழுத்து அளவுக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். உறையின் வாயில் செம்புச் சுருள் தெரிந்தால் வாயின் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறது. விளிம்பைச் சரிவாகச் சீவிவிட வேண்டும். குண்டு கோணலாக நிற்பதைத் தோட்டாவை உருட்டி டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். பழி பெரும்பாலும் உட்காரவைக்கும் டைமேல் விழும். ஆனால் நெருக்கும் டைக்குள் இருந்து கழுத்தை உட்புறமாக அளவுக்கு விரிக்கும் விரிப்பான் உருண்டை கழுத்தைப் பிடித்து வெளியே இழுக்கும்போதே கழுத்து கோணியிருக்கக்கூடும். கோணிய கழுத்தில் எந்த டையாலும் குண்டை நேராக நிறுத்த முடியாது.

சுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. சுட்ட உறையின் கழுத்துக்குள் மெல்லிய கரிப்படலம் இருக்கும். பளபளவென்று தேய்த்து அதை முழுக்க நீக்கினால் வேலை நன்றாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. கரி மசகு போல வேலை செய்கிறது. அது போய்விட்டால் செம்பும் பித்தளையும் நேராக உரசி, குண்டை இறக்கும் விசை ஏறுகிறது, சீர்மையும் கெடுகிறது. மிகச் சுத்தமான கழுத்துக்குக் கிராஃபைட் தூள் தொட்டு வைப்பவர்கள் உண்டு. எதுவும் தொடாமல் அப்படியே நீண்டகாலம் கிடந்தால் இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிடி எதிர்பாராத அளவுக்குக் கூடியும் போகும்.

இப்போது பட்டறைக்கு வருவோம். ‘பேரிங் சீட் போச்சுங்க’ என்று மெக்கானிக் சொன்னால், தண்டின் மேல் பேரிங்கின் உள்வளையத்தைப் பிடித்திருந்த அந்தச் சில மைக்ரான் இறுக்கம் தேய்ந்துவிட்டது என்று பொருள். 25 மில்லிமீட்டர் தண்டுக்கு வேண்டிய இறுக்கம் பத்து, இருபது மைக்ரான் அளவில்தான் இருக்கும். தேய்ந்த இடத்தில் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்து மேட்டை எழுப்பி, அதன் மேல் பேரிங்கை ஏற்றிவிடுவது ஒரு வழக்கம். அந்த மேடுகளின் நுனிகள் சீக்கிரம் நசுங்கிவிடும். நசுங்கிய உலோகத்தில் மீட்சி இல்லை, பிடியும் இல்லை. தண்ணீர் விடும் நாளில் மோட்டார் மறுபடி இரைய ஆரம்பிக்கும். லேத்தில் கடைந்து ஸ்லீவ் போட்டு, அளவுக்குக் கொண்டுவந்து ஏற்றினால் முழு வட்டமும் மீட்சி எல்லைக்குள் பிடித்து நிற்கும். நல்ல பட்டறைகளில் பேரிங்கைச் சுத்தியால் அடித்து ஏற்றுவதில்லை, சூடாக்கி ஏற்றுகிறார்கள். அறைச் சூட்டைவிட 80 டிகிரி கூடினால் 25 மில்லிமீட்டர் எஃகு வளையம் சுமார் 23 மைக்ரான் விரியும். இறுக்கம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுவதால் வளையம் தானாக வழுக்கி இறங்கும், ஆறியதும் பிடித்துக்கொள்ளும். செலவு கூடுதல்தான். வெள்ளாமை நடுவில் மோட்டாரைக் கழற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

மீட்சியால் பிடிப்பது என்றால், பிடிக்கும் உலோகம் எந்நேரமும் இழுபட்டு நிற்கிறது என்று பொருள். தோட்டாவின் கழுத்தும், பெட்டியில் சும்மா கிடக்கும்போதுகூட, வட்டமாக இழுபட்டுத்தான் இருக்கிறது. இந்த இழுப்புக்கு ஒரு விலை உண்டு என்பது இந்தியாவில்தான் பெரிய அளவில் தெரியவந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்திருந்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகளில், குண்டை இறுக்கிய கழுத்துப் பகுதியில், நீளவாக்கில் விரிசல். யாரும் தொடவில்லை, எதுவும் மோதவில்லை. பருவத்தோடு வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்று பெயர் வைத்தார்கள்.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையில் உள்ள செம்பைத் தாக்குகிறது. இழுப்பு இல்லாத பித்தளையில் அந்தத் தாக்குதல் மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்டு நிற்கும் பித்தளையில் அது உலோகத்தின் மணிகளுக்கு நடுவில் உள்ள எல்லைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இழுப்பு விரிசலைத் திறந்துவிட, அம்மோனியா மேலும் உள்ளே போகிறது. இழுப்பு, ஈரம், அம்மோனியா மூன்றும் கூடினால்தான் வெடிக்கும். மருந்தை நிரப்பிய பிறகு நெருக்கப்பட்டு, சூடு காணாமல் நின்ற .303 கழுத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்பது இப்போது புரியும்.

லாயத்தை மாற்றி நம் கட்டுத்தரையை வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான். சீரில் வந்த பித்தளை அண்டாவும் குடமும் விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். மற்ற நாளில் சாளையிலோ, கட்டுத்தரையை ஒட்டிய அறையிலோ, யூரியா மூட்டைக்குப் பக்கத்திலோ கிடக்கும். ஈரம் பட்ட யூரியாவும் அம்மோனியாவைத்தான் விடுகிறது. தகட்டை அழுத்தியும் சுழற்றியும் செய்த பாத்திரத்தில், விளிம்பைச் சுற்றி இழுப்பு தங்கியிருக்கும். யாரும் கீழே போடாத அண்டாவில் விளிம்பிலிருந்து நேராகக் கீழே இறங்கும் விரிசலைப் பார்த்தால், பாத்திரம் மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால், அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று பார்க்கலாம். வார்ப்பில் செய்த பாத்திரங்களில் இந்த இழுப்பு குறைவு. அவை கட்டுத்தரைப் பக்கம் இருந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

தொழிற்சாலைகள் இதற்குக் கண்ட மருந்து எளிது. வடிவம் கொடுத்து முடித்த பித்தளையைச் சுமார் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் போல வைத்தால், அதன் கடினம் பெரிதாகக் குறையாமல் உள்ளே தங்கிய இழுப்பு மட்டும் தளர்ந்துவிடும். தளர்ந்ததா என்று சோதிக்க, மாதிரித் துண்டை மெர்க்குரஸ் நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். இழுப்பு மிச்சம் இருந்தால் சிறிது நேரத்திலேயே துண்டு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். குண்டு ஏறிய தோட்டாவுக்கு இந்தச் சிகிச்சை செய்ய முடியாது. உள்ளே மருந்து இருக்கிறது, குண்டைப் பிடித்திருப்பதும் அந்த இழுப்புதான். அதனால் குண்டு ஏறுவதற்கு முன்பே கழுத்துக்குச் சூடுகாட்டி மிருதுவாக்கி, நெருக்கலை அந்த 0.03 மில்லிமீட்டரின் பக்கத்திலேயே நிறுத்தி, காற்றும் ஈரமும் புகாத பெட்டியில் அடைத்து, கால்நடைகள் கட்டாத இடத்தில் வைக்கிறார்கள்.